விறகுச் செட்டு

நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு, மூட்டுவலியை மறைத்துக்கொண்டு, ஒரு பலகைச் சுவரில் சாய்ந்து நின்று சிரிக்கிறீர்கள். கீழே ஒருத்தி எழுதியிருக்கிறாள்: ‘அந்தப் படத்தில் வந்த அதே வீடு! நீ மட்டும் வரலையேடி!’ அதற்கு ஆளுக்கொரு இதயம். நான் ஒன்றும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெறும் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் வரவில்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மலை ஏறினால் தலை சுற்றும் என்று நான் சொன்னது பொய். அந்த மலையில் ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து ஜீப்பில் ஏறி இறங்கியவள் நான். எனக்குத் தலை சுற்றாது, ஆத்திரம்தான் வரும். ஊர்ப்பெயரை இங்கே எழுதவும் மாட்டேன். எழுதினால் இன்னும் இரண்டு வேன் கிளம்பும்.

அது என் பெரியம்மாவின் ஊர். அம்மாவின் அக்கா. நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த முழுப்பரீட்சை லீவில் என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்த லீவில்தான் சினிமாக்காரர்களும் வந்தார்கள்.

‘ஆஹா, முழுக்க மரத்தாலேயே கட்டியிருக்கிறார்கள், என்ன ரசனை’ என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். ரசனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஜீப் பாதை வருவதற்கு முன்னால் செங்கல்லும் சிமெண்டும் கழுதை முதுகில்தான் மேலே வரவேண்டும். மரம் அங்கேயே கிடந்தது. அதனால் ஊர் முழுக்கப் பலகை வீடு. பலகை இடுக்கு வழியாகக் குளிர் வந்து காதைக் கடிக்கும். கிழிந்த பாவாடையைச் சுருட்டி இடுக்கில் திணித்துவிட்டுத்தான் படுப்போம். மழை பிடித்தால் கதவு ஊதிப்போய், தோளால் இடித்தால்தான் திறக்கும். கரையான் ஏறாமல் இருக்கப் பெரியப்பா கம்பம் டவுன் லாரிப் பட்டறையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து சுவர் முழுக்கப் பூசுவார். அந்த வாடை சோற்றில்கூட அடிக்கும். நீங்கள் மூச்சை இழுத்து அனுபவித்த மர வாசனை லாரி ஆயில் வாசனைதான்.

அந்த ஊரில் விறகு இல்லாவிட்டால் சோறு இல்லை. தென்மேற்கு மழை இறங்கினால் மாதக்கணக்கில் விடாது. அதற்காக வெயில் காலம் முழுக்கப் பெரியப்பா விறகு பிளந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அடுக்குவார். நம் பக்கத்தில் கொட்டகையைச் செட்டு என்போம். மோட்டார் இருந்தால் மோட்டார் செட்டு, மாடு கட்டினால் மாட்டுச் செட்டு. அது விறகுச் செட்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபோனவர்கள் இந்தச் சொல்லை மறந்திருப்பீர்கள். ஒரு குடும்பத்தைப் பிரித்த சொல் அது.

விறகு அடுக்குவதில் பெரியப்பாவுக்கு ஒரு பிடிவாதம். ஒரு வரிசை நெடுக்கே, அடுத்த வரிசை குறுக்கே. அடுக்கி முடித்ததும், இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு கட்டையை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்க விடுவார். அது அவர் துண்டு போடும் கட்டை. சிவப்புக் கரை போட்ட துண்டு. விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் பெரியம்மா அந்தக் கட்டையில் இடித்துக்கொள்வாள்.

“இந்தக் கட்டைய உள்ள தள்ளுனா ஒங்க கிரீடம் எறங்கிருமாக்கும்?” என்று கத்துவாள். அவர் சிரிப்பார். கட்டை அங்கேயே இருக்கும்.

வாய் அப்படித்தானே தவிர, அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது ‘அவுக’ என்பாள். ‘அவுக வந்தாக, அவுக சாப்பிட்டாக.’ அந்த வீடு அவளுடைய அப்பா கட்டி அவளுக்குக் கொடுத்தது. பெரியப்பா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். ஊரில் யாராவது அதைக் குத்திக்காட்டினால் அவர்கள் வீட்டு வாசலுக்கே போய் நின்று நியாயம் கேட்டுவிட்டு வருவாள். பிள்ளைகள் இல்லை. வீடும் அவரும்தான் அவளுக்கு.

சினிமாக்காரர்கள் வரிசையாக ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கதாநாயகி இறங்கியதும் முதல் வேலையாக எங்கள் வாசலில் வாந்தி எடுத்தாள். ஊரிலேயே பெரிய வீடு என்று பெரியம்மாவின் வீட்டைப் பிடித்திருந்தார்கள். முன்பக்கம் அவர்களுக்கு, பின்பக்கத்து அடுப்படியும் ஓர் அறையும் எங்களுக்கு. வாடகை பேசியது பெரியப்பா. பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்தாள்.

மறுநாள் காலையில் இரண்டு ஆட்கள் வாளியில் சேற்றையும் சாம்பலையும் கரைத்து வீட்டுச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னத்தப் பூசுறீக?” என்று பெரியம்மா ஓடிவந்தாள்.

“வீடு பழசாத் தெரியணும்மா. டைரக்டர் சொல்லிருக்காரு.”

“இது எங்கய்யா கட்டுன வீடு. பழசுதான். பழசுக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் தெரியாதா ஒங்க டைரக்டருக்கு?”

அவர்கள் பூசி முடித்துப் படமும் எடுத்தார்கள். சாயங்காலம் அவர்கள் காப்பி குடிக்கப் போன நேரத்தில், பெரியம்மா தேங்காய் நாரையும் வாளியையும் எடுத்துக்கொண்டு சுவர் முழுவதையும் தேய்த்துக் கழுவிவிட்டாள். நான்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். மறுநாள் டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நேற்று எடுத்த காட்சியில் சுவர் அழுக்கு, இன்று சுத்தம். மறுபடியும் சேறு. மறுபடியும் சாயங்காலம் தேங்காய் நார். அந்த வீட்டுச் சுவருக்காக அப்படி ஒரு சண்டை தினமும் நடந்தது. சேறு பூசுகிற ஆட்கள் என்னைக் கண்டாலே முறைப்பார்கள், நானும் நாக்கைத் துருத்துவேன்.

ஒருநாள் அடுப்படியில் கதாநாயகி அழுகிற காட்சி. கண்ணில் ஏதோ சொட்டுமருந்து விட்டுக்கொண்டு, அடுப்பு முன்னால் குந்தி, தாரை தாரையாக அழுதாள். எல்லோரும் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். பெரியம்மா விறுவிறுவென்று நடுவில் போய், “ஈர வெறக வச்சு ஊதுனா அழுகாம என்ன செய்யும்? எந்திரி ஆத்தா, நான் பத்தவைக்கிறேன்” என்றாள். டைரக்டர் கத்திய கத்தலில் கூரையில் இருந்த புறா பறந்தது.

பெரியப்பா நேர்மாறு. அவருக்கு மடக்கு நாற்காலி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்து, யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். ஒரு காட்சியில் அவரை விறகுக்கட்டோடு குறுக்கே நடக்கவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனாலும் யாரோ படம் எடுப்பதுபோல நெஞ்சை நிமிர்த்திப் போவார். யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாத மனிதர். எதிரில் இருப்பவர் பேசுவது புரியாவிட்டாலும், திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர். சினிமா மேனேஜர் பட்டணத்துத் தமிழில் படபடவென்று பொரிந்து தள்ளுவான். இவர் “ஆகட்டும் சார், ஆகட்டும் சார்” என்பார்.

மே மாதம், மலையடிவாரத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா. மாதா சப்பரம் ஜோடிக்கப் பெரியம்மா எந்த வருஷமும் வராமல் இருக்கமாட்டாள். அவளும் நானும் ஒருநாள் முன்னாலேயே கீழே இறங்கிவிட்டோம். பெரியப்பா மறுநாள் பொழுதுசாயத்தான் வந்தார். கையெல்லாம் சிராய்ப்பு. தோளில் துண்டு இல்லை.

“துண்டு எங்க?” என்றாள் பெரியம்மா.

“அங்கனயே மறந்து வச்சுட்டேன்” என்றார்.

அவர் என்னவோ சந்தோஷமாக இருந்தார். சப்பரத்துக்குத் தோள் கொடுத்தார். எனக்குச் சவ்வுமிட்டாயில் கைக்கடிகாரம் செய்து கட்டிவிடச் சொன்னார். அதற்கடுத்த நாள் காலை, மலையிலிருந்து வந்த ஜீப் டிரைவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னான்: “ஒங்க வீடு எரிஞ்சுபோச்சு.”

அப்பாவும் எங்களோடு மேலே வந்தார். வளைவு திரும்பும்போதே கருகல் வாடை. வீடு இருந்த இடத்தில் கரிக்கட்டைகளும் நெளிந்த தகரமும் கிடந்தன. வாங்கி அதிக நாள் ஆகாத பெரியம்மாவின் தையல் மிஷினில் சக்கரம் மட்டும் சாம்பலுக்குள் நின்றுகொண்டிருந்தது. கட்டிலையும் பெட்டியையும் மாதா படத்தையும் வெளியே எடுத்து வேலியோரம் வைத்திருந்தார்கள். பின்னால் விறகுச் செட்டு ஒரு கீறலும் இல்லாமல் முழுசாக நின்றது. சினிமாக்காரர்கள் ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா மேனேஜரின் சட்டையைப் பிடித்துவிட்டாள். அவன் திகைத்துப் போனவன்போலப் பார்த்தான்.

“என்னம்மா இது? கேட்டுட்டுத்தானே எரிச்சோம்? கடைசி சீன்ல செட்ட எரிக்கணும்னு சார்ட்ட சொன்னோம். தாராளமா எரிங்க, பழசுதானேன்னாரு. நீங்க ஊர்ல இல்லாதப்ப எரிக்கச் சொன்னதே அவருதான்.”

எல்லோரும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் கோணிக்கொண்டது.

“செட்டுன்னா… வெறகுச் செட்டத்தான சொன்னேன்? இவ பாத்தா சத்தம் போடுவாளேன்னுதான்… வெறகெல்லாம் எடுத்து வேற பக்கம் அடுக்கிட்டுத்தான வந்தேன்…”

“வெறகு எங்க?” என்றார் அப்பா. செட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் விறகு எங்கும் இல்லை. எல்லாம் சாம்பல்.

“நாங்க முகப்பு போட்டு, சுவரு பூசி, மாத்தின எல்லாமே செட்டுதான் சார். சினிமாவுல அப்படித்தான் சொல்லுவோம். விறகுக் கொட்டகைய எரிக்க நாங்க எதுக்குச் சென்னையிலருந்து வரணும்?” என்றான் மேனேஜர்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. அப்பாவும் சிரித்தார். வீடு எரிந்து புகை அடங்காத இடத்தில் நின்றுகொண்டு பெரியவர்கள் சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு அப்பா பெரியப்பாவின் காதருகே போய், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “சகல, எவ்வளவுக்கு முடிச்சீக? நெசத்தச் சொல்லுங்க.”

பெரியம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “அந்தாளு என் வீட்ட வித்துட்டான்” என்றாள். அவள் வாயிலிருந்து ‘அவுக’ போய் ‘அந்தாளு’ வந்தது அப்போதுதான்.

சினிமாக்காரர்கள் எதையோ கொடுத்துச் சமாதானம் பேசிவிட்டுப் போய்ச்சேர்ந்தார்கள். அந்த மேனேஜருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, புரிந்தும் புரியாததுபோல நடந்துகொண்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புரியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அவனை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு வீட்டை எரிக்கப் போகிறவன் அந்த வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

பெரியம்மா எங்கள் வீட்டில் தங்கிவிட்டாள். பெரியப்பா மலையிலேயே, அந்த விறகுச் செட்டில் தங்கினார். கீழே ஊரில் அவருக்குப் பெயரே ‘செட்டு’ என்று ஆகிவிட்டது. ‘செட்டு வந்துருக்காரு’, ‘செட்டு போறாரு.’ நம் வகுப்பிலேயே என்னைச் ‘செட்டு வீட்டுப் பிள்ளை’ என்று கூப்பிட்டவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

மாதா கோயில் சாமியார்கூடப் பெரியம்மாவிடம், “நடந்தது நடந்துபோச்சு, வித்தவரை மன்னிச்சிரும்மா” என்றார். வித்தவர் என்று அவரும் முடிவு கட்டியிருந்தார். படித்தவர்கள், பெரியவர்கள், பூசை வைப்பவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல், ஒன்று பெரியப்பா திருடன், இல்லை முட்டாள் என்று தீர்ப்பு எழுதினார்கள். இன்று அவர்கள் வயதைத் தாண்டி நிற்கிறேன். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் கசக்கிறது.

மாதம் ஒருமுறை பெரியப்பா ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வந்து எங்கள் வாசலில் நிற்பார். அம்மா உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டார். பெரியம்மா அறையை விட்டு வெளியே வரமாட்டாள். பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “பெரியம்மா சாப்பிட்டாளா?” என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். அவர் தெருமுனை திரும்பியதும் உள்ளிருந்து குரல் வரும்: “அந்தாளு போயிட்டானா?” அந்தப் பழத்தை அவள் தொடமாட்டாள். மாட்டுக்குப் போடச் சொல்வாள்.

அடுத்த வருஷம் படம் வந்தது. பக்கத்து டவுனான தேவாரத்துத் தியேட்டரில் போட்டார்கள். நம் மலை, நம் ஆட்கள் என்று ஊரே கிளம்பியது. “நீ வேணாம்க்கா” என்று அம்மா தடுத்தாள்.

“ஏன், எரிச்சவனே கூசாம காட்டுறான். நான் பாத்தா என்ன? வாரேன்” என்றாள் பெரியம்மா.

மேட்னி. அப்பா, அம்மா, நான், அவள். திரையில் வீடு வந்ததும், “அழுக்கப் பாரு, அழுக்க” என்று பல்லைக் கடித்தாள். ஒரு காட்சியில் சுவர் பளிச்சென்று இருந்தது. அடுத்ததில் சேறு. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. பெரியப்பா விறகுக்கட்டோடு குறுக்கே நடந்ததும் தியேட்டர் முழுக்க “செட்டு! டேய், செட்டுடா!” என்று ஒரே விசில். பெரியம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

கடைசியில் வில்லன் தீவட்டியோடு வருகிறான். வீட்டின் பக்கவாட்டில் சுற்றி வருகிறான். அங்கே, கூரைக்குக் கீழே, வீட்டுச் சுவரோடு ஒட்டி, மழைக்காலத்து விறகு முழுவதும் அடுக்கியிருந்தது. ஒரு வரிசை நெடுக்கே, ஒரு வரிசை குறுக்கே. இடுப்பு உயரத்தில் ஒரு கட்டை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதில் சிவப்புக் கரை போட்ட துண்டு. பின்னால் விறகுச் செட்டு கதவு திறந்து காலியாகக் கிடந்தது. வில்லன் அந்த விறகில்தான் தீயை வைத்தான். நொடியில் பற்றிக்கொண்டது.

பெரியம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

“ஏ ஆத்தா, உக்காரு! மறைக்குது!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் திரையின் நெருப்பு வெளிச்சம்.

“பாத்தீகளா? அவுக வெறகக் கொண்டாந்து வீட்டுச் செவுத்துல அடுக்கியிருக்காக! துண்டு தொங்குது பாருங்க! வீட்ட எரிக்கப் போறாகன்னு தெரிஞ்சவன் எவனாச்சும் மழைக்கு வச்ச வெறக அங்கன கொண்டுபோயி அடுக்குவானா? அவுக சொன்னது நெசம்! செட்டத்தான் எரிக்கப் போறாகன்னு நெனச்சிருக்காக!”

அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். “கைய விடுங்க. நீங்களும்தான சிரிச்சீக” என்றாள். அப்பா கையை விட்டுவிட்டார். அதற்குள் கதாநாயகன் தீயில் குதித்துவிட்டதால் தியேட்டர் விசிலடித்தது. அவள் சொன்னது அடுத்த பெஞ்சுக்குக்கூடக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. முக்கியமாக, ‘அவுக’ கேட்டது.

மறுநாள் முதல் ஜீப்பில் மலைக்குப் போய்விட்டாள்.

புது வீடு கட்ட முடியவில்லை. காட்டு இலாகா மரம் வெட்ட விடவில்லை, கையிலும் ஒன்றும் இல்லை. விறகுச் செட்டுக்கே ஒரு சன்னலும் அடுப்பும் வைத்து அதிலேயே குடியிருந்தார்கள். அடுத்த லீவுக்குப் போனபோது நான் பார்த்தேன். ‘நம்பாமப் போயிட்டேன்’ என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஏன் நம்பல’ என்று அவரும் கேட்டதில்லை. எப்போதும்போல அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு கட்டை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. “பெரியம்மாதான் நின்னு அடிக்கச் சொன்னா” என்றார் பெரியப்பா. அதில் அவர் துண்டு தொங்கியது. போகும்போதும் வரும்போதும் அவள் அதில் இடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் அந்தச் செட்டிலேயே வாழ்ந்து, அதிலிருந்தே போனார்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை போயிருந்தேன். யாரோ ஒரு ஆள் இடத்தை வாங்கி வாசலில் போர்டு மாட்டியிருந்தான். எனக்கும் சீட்டுக் கிழிக்க வந்தான்.

“இதாம்மா படத்துல வந்த வீடு. கதாநாயகி இங்கனதான் அழுவாக.”

“இது வீடு இல்லப்பா. வெறகுச் செட்டு. வீடு எரிஞ்சு போச்சு” என்றேன்.

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். “ஆமாம்மா, செட்டுதான். சினிமா செட்டு.”

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை.

இப்போது உங்கள் படத்தை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். வலது ஓரத்தில் நிற்பவளே, கண்ணாடி போட்டவளே, வாசலுக்குப் பக்கத்தில் உன் கைப்பையை மாட்டியிருக்கிறாயே, எதில் மாட்டியிருக்கிறாய் என்று பார். அது ஆணி இல்லை. இனி ஒருமுறை அங்கே போனால் உன் பையை நீயே வைத்துக்கொள். அது பெரியப்பா துண்டு போடுகிற கட்டை.